நடுக்குடிலின் தீப்பெட்டி

நடுக்குடில்,
11 பிப்ரவரி 1934, ஞாயிறு

மாப்பிள்ளை எய்லர்ட்டுக்கு,

நான் நலம். நீயும் உயிரோடுதான் இருக்கிறாய். கரையோரம் உன் பனிச்சறுக்குத் தடம் தெரிந்தது. மூன்று மாதமாக ஒரே விரிகுடாவில் ஆளுக்கொரு குடிலில் பேசாமல் கிடப்பது எனக்கு அலுத்துவிட்டது. அதற்காகக் கோபம் தீர்ந்துபோனது என்று எண்ணிக்கொள்ளாதே. மாவும் எண்ணெயும் நமக்குப் பொதுவான இந்த நடுக்குடிலில் இருப்பதால் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நானும் கடைசி ஞாயிறு நீயும் வந்துதானே ஆகவேண்டும்? இனிமேல் சொல்ல வேண்டியதை எழுதி மேசைமேல் நீலக் குவளையின் அடியில் வைக்கிறேன். முகம் பார்க்காமலே காரியம் நடக்கட்டும்.

நவம்பரில் நடந்ததை நீ மறந்திருக்கலாம். இடது கையில் இரண்டு விரல் இல்லாததால் எனக்கு மறக்கவில்லை. இந்த வடதுருவக் கரையில் போலீஸ் இல்லை, பாதிரியார் இல்லை, இருப்பது ஒரே சட்டம்: குடிலை விட்டுப் போகிறவன் அடுப்பின் மேலுள்ள டப்பாவில் விறகுச் சீவலும் தீப்பெட்டியும் வைத்துவிட்டுப் போகவேண்டும். நீ போன மறுநாள் நான் பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் விழுந்து, கையிலிருந்த தீப்பெட்டி நனைந்து, விறைத்துப்போய் இங்கே வந்து திறந்தால் டப்பா காலி. கேட்டதற்கு, "வச்சேன்டா, நல்லாத் தேடிப் பாரு" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குத்தான் மூட்டையைக் கட்டிக்கொண்டு வடக்குக் குடிலுக்குப் போனேன்.

ஜூலைக் கப்பலில் நான் ஊர் போகிறேன். ஆறு குளிர்காலம் தோலுக்காக நரி பிடித்தது போதும், உடம்பு அசந்துவிட்டது. நீ வருகிறாயா? போர்கில்ட் போன கோடையில் என்ன எழுதினாள்? "அடுத்த வருஷமும் அவர் வரலன்னா அவர் தட்டை எடுத்து உள்ள வச்சிடுவேன் அண்ணா." என் தங்கை சொன்னால் செய்வாள். பதில் எழுது.

அன்ஸ்கார்


நடுக்குடில்,
25 பிப்ரவரி 1934

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடிக்க ஒரு பொழுது முழுக்க ஆயிற்று. எறும்பை மையில் தோய்த்து ஊர விட்ட மாதிரி எழுதுகிறாய். கொஞ்சம் பெரிசாக எழுதினால் காகிதம் கோபித்துக்கொள்ளுமா?

சீவல் வைத்தேன். தீப்பெட்டியும் வைத்தேன். உன் தங்கை மேல் சத்தியம். ஆனால் போன விரலுக்கு அது பதிலாகாது, எனக்குத் தெரியும். அன்று சிரித்திருக்கக் கூடாது. பயத்தில் வந்த சிரிப்பு அது. மன்னித்துக்கொள்.

ஜனவரி கடைசியில் நானும் அப்படித்தான் வந்தேன். கோட்டுப் பையிலிருந்த தீப்பெட்டியை வழியில் தவற விட்டிருந்தேன். டப்பாவில் எதுவும் கைக்கு அகப்படவில்லை. நீ வைத்திருப்பாய், நான்தான் எங்கேயோ தட்டிவிட்டிருப்பேன். புயல் ஓயும்வரை பெல்லாவைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். நாய்க்குத்தான் கோபம். மூன்று நாள் என்னோடு பேசவில்லை, உன்னை மாதிரி.

கப்பலுக்கு நான் வரவில்லை, மச்சான். இன்னும் ஒரு குளிர்காலம். இங்கே ஒவ்வொரு கல்லும் என் காலுக்குத் தெரியும். நம் ஊர் திரொம்சோவில் வாசற்படி இறங்கினாலே தடுக்கி விழுகிறேன். சூரியன் திரும்பி வந்ததில் உனக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கு இருட்டே தேவலை. இருட்டில் எல்லோருக்கும் ஒரே கண்.

உன் கை இப்போது எப்படி இருக்கிறது?

எய்லர்ட்


நடுக்குடில்,
11 மார்ச் 1934

மாப்பிள்ளைக்கு,

கெஞ்சினால் மிஞ்சுகிறாய். தனியாகத் தங்கப் போகிறாயாம்! உன் மாப்பிள்ளை முறுக்கையெல்லாம் திரொம்சோவில் வைத்துக்கொள். உன்னை இங்கே விட்டுவிட்டு நான் மட்டும் இறங்கினால் தங்கச்சி முகத்தில் எப்படி முழிப்பேன்? "எங்க அண்ணா அவரு?" என்று கேட்பாளே, பனிக்கரடிக்குக் காவல் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லவா?

ஜனவரியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் எழுது. கதவிலிருந்து அடுப்புவரை இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டியிருக்கிறாயே, எதற்கு? நீ சீவி வைத்த சீவல் என் கட்டைவிரல் மொத்தம் இருக்கிறது, அதில் ரத்தம் வேறு. கையை வெட்டிக்கொண்டாயா? இங்கே மாவு மூட்டையில் எலி போல ஏதோ புகுந்து பாழாக்கிவிட்டது. உன் குடிலில் மிச்சம் இருந்தால் அரை மூட்டை கொண்டுவந்து வை. என் குடிலில் மாவு தீர்ந்து, பதினைந்து நாளாக வேட்டையாடிய சீல் கறி மட்டும்தான் தின்கிறேன்.

அன்ஸ்கார்


நடுக்குடில்,
25 மார்ச் 1934

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது, படித்தேன். நீ எழுதியதெல்லாம் சரிதான். வழக்கம்போல நியாயமாகப் பேசுகிறாய்.

நீ வேளைக்கு நன்றாகச் சாப்பிட்டு வருவது அறிந்து மகிழ்ச்சி. இங்கே நரிகள் குறைவு. பெல்லாவுக்கு வயதாகிறது, ஆனால் வழி மறக்கவில்லை. அவள் முன்னால் போனால் நான் பின்னால் போகிறேன். வீட்டில் போர்கில்ட் நடத்துவது மாதிரியேதான்.

மற்றபடி எழுத விசேஷம் இல்லை.

எய்லர்ட்


நடுக்குடில்,
8 ஏப்ரல் 1934

மாப்பிள்ளைக்கு,

உனக்காகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். இதைப் படித்தாயென்றால் இந்த நீலக் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போ. வேறொன்றும் வேண்டாம்.

அன்ஸ்கார்


நடுக்குடில்,
29 ஏப்ரல் 1934

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் படித்தேன். கவலைப்படாதே, நீ சொன்னபடியே எல்லாம் செய்துவிட்டேன்.

எய்லர்ட்


நடுக்குடில்,
13 மே 1934

அன்புள்ள மாப்பிள்ளை,

குவளை நிமிர்ந்தபடியே இருக்கிறது. அதன் அடியில், எல்லாம் செய்துவிட்டேன் என்று உன் கடிதம், ஒரு வரியின் மேல் இன்னொரு வரி ஏறிக் கிடக்கிறது. கள்ளப் பயலே. முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அழுதேன். ஐம்பது வயது ஆள் ஒரு குவளையைப் பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்க்க நல்லவேளை இங்கே யாரும் இல்லை.

அடுத்த மாதம் வாத்து முட்டைகளை உப்பில் போடவேண்டுமே என்று அலமாரியிலிருந்த உப்பு டப்பாவைத் திறந்தேன். உப்பின் மேல் ஒரு தீப்பெட்டி. பக்கத்தில் சன்னமாகச் சீவிய சீவல், உன் வழக்கப்படி நூல் சுற்றி. அடுப்பு டப்பாவும் இதுவும் ஒரே அளவு. ஆக நவம்பரிலேயே உன் கண் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நீ வைத்தாய். உன் சத்தியம் பொய்யில்லை.

இப்போது என் கதையைக் கேள். ஜனவரியில் டப்பா காலியாகத்தான் இருந்தது. உன் கை எதையும் தட்டிவிடவில்லை. சீவலையும் தீப்பெட்டியையும் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு போனவன் நான். அவனும் ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று வேண்டுமென்றே செய்தேன். வழியெல்லாம் இல்லாத விரல்கள் வலித்தன, அதையே எனக்கு நியாயமாக வைத்துக்கொண்டேன். நீயோ காலியா, கண்ணுக்குத் தெரியவில்லையா என்று புரியாமல், பழியை உன் கைமேலேயே போட்டுக்கொண்டு, அடுத்த தடவை தடவிக்கொண்டு வர ஒரு கயிற்றைக் கட்டியிருக்கிறாய். அந்தக் கயிற்றை என்னால் பார்க்க முடியவில்லை எய்லர்ட். உன்னைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

நீ ஏன் ஊருக்கு வர மறுக்கிறாய் என்றும் இப்போது தெரிகிறது. நாற்காலியில் உட்காரவைத்து உன் பெண்டாட்டி ஊட்டிவிடுவாள் என்று பயம். அவளாவது ஊட்டுவதாவது! "கண்ணு போனா வாயுமா போச்சு? சொல்றதுக்கென்ன?" என்று திட்டுவாள். முதலில் வைத்தியர் பார்க்கட்டும். ஆகாது என்றால் அதையும் பார்த்துக்கொள்வோம். நீ கப்பல் ஏறவில்லையென்றால் நானும் ஏறப்போவதில்லை. இன்னொரு குளிர்காலத்துக்கு எனக்குத் தெம்பு இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தைக் குவளையின் அடியில் வைக்கவில்லை. கையோடு எடுத்துக்கொண்டு இப்போதே உன் குடிலுக்குப் புறப்படுகிறேன். நானே படித்துக் காட்டுகிறேன், ஜனவரியை விட்டுவிடாமல். கேட்டுவிட்டு "வெளிய போடா" என்றாயானால் வாசலில் பெல்லாவோடு படுத்துக்கொள்கிறேன்.

டப்பாவில் சீவல் வைத்தாயிற்று, தீப்பெட்டி அதன் மேல் இருக்கிறது. கப்பலுக்குப் போகும்போது நாம் இரண்டு பேரும் இந்த வழியாகத்தான் வரவேண்டும்.

உன்
அன்ஸ்கார்