வருஷம் திரும்பாமல் ஏறிய கப்பல்

என்னை ஒரு நாளும் ஏசாத என் அக்காவுக்கு,

போய் வந்துவிட்டேன். நோர்வேயில் ஏறி, வடக்கே வடக்கே என்று எட்டு நாள், லோங்யியர்பியன் என்ற துறைமுகம் வரைக்கும். நீ கேட்டு வாங்கிய ஜன்னல் அறையில் நான் படுத்து எழும்பினேன். வெட்கம் கெட்டவள்தான்.

அத்தான் பாரிசவாதத்தில் விழுந்து ஏழு வருஷம். செவன் ஹில்ஸில் இருந்த உன் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடியதைத் தவிர நீ வேறெங்கும் போனதில்லை. அவர் கண்மூடி மூன்றாம் மாதம் என்னிடம் வந்து சொன்னாய்.

“கப்பல் ஒண்டு புக் பண்ணிட்டன் சாந்தி. ஐஸ் மலையெல்லாம் காட்டுவினமாம். ஆரோ சமைக்க, நான் கதிரையிலை இருந்து கடலைப் பாக்கப்போறன்.”

எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்! நான் என்ன சொன்னேன்? “அத்தான் செத்து இன்னும் வருஷம் திரும்பேல்லை, அதுக்குள்ளை உல்லாசப் பயணமோ? சனம் என்ன கதைக்கும்?”

பயணத்தை அடுத்த வருஷத்துக்கு மாற்றினாய். பிள்ளைகள் கேட்டபோது, “எனக்குத்தான் இப்ப மனமில்லை” என்று சொல்லி என்னைக் காப்பாற்றியும் விட்டாய். ஏன் அக்கா? ஒரு தரமாவது என்னோடு சண்டை பிடித்திருக்கக் கூடாதா? அத்தானுக்கு வருஷம் திரும்பும் ஆட்டத்திவசத்துக்கு இரண்டு மாதம் இருக்க, நீ குசினியில் விழுந்தாய். மாரடைப்பு என்றார்கள்; நீ எழும்பவே இல்லை.

பிறகு உன் மூத்தவன் வந்தான். “சின்னம்மா, அம்மா ஆசைப்பட்டவ. அவவின்ரை இடத்திலை நீங்களாவது போயிட்டு வாங்கோ.”

உனக்கும் வருஷம் திரும்பவில்லை. ஆனால் மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பான். காரணம் சொன்னால், உன்னிடம் நான் சொன்ன கதையும் வெளியில் வரும். ஓம் என்றேன். தங்கச்சிக்கு அந்தச் சட்டம் அவ்வளவு இறுக்கமில்லை என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வர வேண்டாம்.

கப்பலில் என் மேசைக்கு ஒரு தமிழ் அம்மா வாய்த்தார். பினாங்கில் பிறந்தவர், இப்போது மெல்பேர்னில் இருக்கிறார். கணவர் இறந்து ஆறு வாரமாம். என் வாய் சும்மா இருக்குமா?

“ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“சொன்னாங்க. தங்கச்சிதான் போன் பண்ணி ரொம்பப் பேசினா. போனை வச்சிட்டேன்.”

சொல்லிவிட்டு மீனை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

துறைமுகத்தில் மருந்துக்கும் ஒரு மரம் இல்லை. அது பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். மியூசியத்துக்குள் போகும்போது சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். அந்த நாளில் கரித்தூசி உள்ளே வரக்கூடாதென்று தொடங்கிய வழக்கமாம். இப்போது தூசி இல்லை, வழக்கம் மட்டும் இருக்கிறது. காலுறையோடு அங்கே நின்றபோது எனக்கு என்மேலேயே அப்படியொரு ஆத்திரம் வந்தது.

திரும்பி வந்த பிறகு சனம் என்ன கதைத்தது தெரியுமா? மரக்கறிக் கடையில் மறித்துக் கேட்டார்கள்: “சரியான குளிரோ? சாப்பாடு எப்பிடி?” அவ்வளவுதான். ஒருவரும் மாதத்தை எண்ணிப் பார்க்கவில்லை. உனக்கு நான் பூச்சாண்டி காட்டிய அந்தச் சனம் நான் ஒருத்திதான் அக்கா.

உன் ஆட்டத்திவசத்துக்குப் பிள்ளைகள் நினைவு மலர் அடிக்கிறார்கள். வந்த பக்கங்களை வாசித்தேன். அவவுக்குக் கப்பல் ஏறக் கொடுத்துவைக்கவில்லை, எல்லாம் விதி என்று ஆளுக்காள் எழுதியிருக்கிறார்கள். என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். என் பக்கம் இதுதான்.

அச்சுக்குப் போகமுன் இதை உன் மூத்தவன் கையில் நானே கொடுப்பேன். அவன் கடைசி வரி வரைக்கும் வாசித்து நிமிர்ந்து பார்க்கும்வரை, அவன் முன்னால்தான் இருப்பேன். எழும்பிப் போக மாட்டேன். இது சத்தியம்.

உன்னைப் போகவிடாத தங்கச்சி,
சாந்தி