துண்டில் எழுதிய மூன்று பெயர்கள்

1986 ஏப்ரல் 10

கந்தோரில் வேலை முடிந்து புருஷனோடு வரும்போது மர்சூக் நானாவின் வீடியோக் கடைக் கண்ணாடியில் புதுப்படம் ஒன்று ஒட்டியிருந்தது. ஆர்மோனியத்துடன் சேதுராமன். ‘கண்டி மேடைக் கச்சேரி, முழுசாக, இப்போது கசெட்டில்.’ இவர் என் கையில் குடையைத் திணித்துவிட்டு றோட்டுக்குக் குறுக்கே ஓடினார். வருஷப் பிறப்புக்கு வீடியோ டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுக்கப்போகிறாராம். நாற்பது வயது மனுசன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

83 ஜனவரியில் நாங்களும் போன கச்சேரி அது. சேதுராமன் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துப் பாட்டுக்காரர். சொல்லும் மெட்டும் அவருடையதே. அடுத்த வருஷமே குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். கலியாண வீடுகளில் படம்பிடிக்கிற மர்சூக் நானா அன்று தன் கமராவோடு மேடைக்குப் பக்கத்தில் நின்றது எனக்கு மறந்தே போயிருந்தது.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. டெக்கும் ரீவியும் கசெட்டும் வந்துவிட்டன.

கீழ்வீட்டுச் சிங்கள நோனா கொக்கிஸ் பலகாரமும் வாழைப்பழமும் கொண்டு மேலே வந்தார். நல்ல மனுசி. மருமகன்தான் பொலிஸில். எங்களோடு கதிரையில் இருந்து கச்சேரி பார்த்தார். ஐந்தாவது பாட்டுக்கு முன் சேதுராமன் ஒரு கடதாசித் துண்டை விரித்து வாசித்தார். அது நான் எழுதிக் கொடுத்த துண்டு. றேடியோவில் நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். ஒரு பாட்டுக் கேட்டால் வீட்டில் இருக்கிற எல்லோருடைய பேரும் வரவேண்டும், இல்லாவிட்டால் மனம் ஆறாது.

“பாட்டு ஒண்ணு, பேரு மூணு! கட்டுக்கலையிலேருந்து விவேகானந்தன், கமலாசனி, எங்கள் வீட்டுத் தம்பி சோதிலிங்கம். எங்க, எந்திரிச்சு நில்லுங்க, பாப்போம்!”

கமரா திரும்பியது. நாங்கள் மூன்று பேரும் எழும்பி நிற்கிறோம். சோதிலிங்கம் இவருடைய தோளில் கை போட்டுக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கிறான்.

நோனா கை தட்டினார். தமிழ் தெரியாவிட்டாலும் பேர் பேர்தானே. “அந்த உயரமான தம்பி யார்?” என்று சிங்களத்தில் கேட்டார். சித்தியின் மகன், கனடாவில் இருக்கிறான் என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். இவர் ரீவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஏப்ரல் 15

எழுதினால் தலை தெளியுமோ?

சோதிலிங்கம் பேராதனையில் படித்தபோது ஒன்றரை வருஷம் எங்கள் வீட்டில் தங்கியவன். 83 மே மாதம் கம்பஸில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. இயக்கத்தில் சேர்ந்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டோம். போன ஒக்டோபரில் பொலிஸ் இவரைக் கொண்டுபோய் அவனுடைய படத்தைக் காட்டியது. ‘தெரியாது, கண்டதே இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அதனால்தான் விட்டார்கள்.

இப்போது அந்தக் கையெழுத்தும் இந்தக் கசெட்டும் ஒரே ஊரில் இருக்கின்றன.

“ஆர் உதைப் பாக்கப்போறான்? பேசாம இரும்” என்கிறார் இவர். பேசாமல் இருக்கிறவர் இன்று சவரம் செய்யும்போது ஏன் மூன்று இடத்தில் வெட்டிக்கொண்டார்?

ஏப்ரல் 19

நோனா கசெட்டை இரவல் கேட்டார். மருமகனுக்குப் பாட்டென்றால் உயிராம். நாடா டெக்கில் சிக்கிக்கொண்டது, கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றேன். வரவர நன்றாகப் பொய் சொல்கிறேன்.

ஏப்ரல் 27

ஜீப் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். பால் வான்.

மே 4

நேற்றுக் கொழும்பில் விமானத்தில் குண்டு வெடித்தது. இன்று காலை வந்து இவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாண் பாதி தின்றபடி கிடக்கிறது. ‘பின்னேரம் வந்திடுவன்’ என்றார். பின்னேரமாகிவிட்டது. முருகா, இவரை அனுப்பு. வேறொன்றும் கேட்கமாட்டேன்.

மே 5

வந்துவிட்டார். அடிக்கவில்லையாம். அதே படம், அதே கேள்வி. “நான் முந்திச் சொன்னதையே சொன்னனான்” என்றார். எழும்பி வரும்போது அங்கே இருந்த பெரிய பொலிஸ்காரர், “பாட்டுக் கச்சேரிகளுக்கும் போவாயோ?” என்று கேட்டாராம்.

“சும்மா கேட்டிருப்பான்.”

சும்மா கேட்பார்களா? அப்படியும் கேட்பார்களா? நோனாவின் மருமகன் அந்தக் கசெட்டை வேறெங்காவது எடுத்துப் பார்த்திருப்பானோ? இவருக்குச் சோறு போட்டுவிட்டு நான் குசினிக்குள் போய் நின்றேன்.

மே 7

இவருக்குச் சொல்லாமல் அரை நாள் லீவு போட்டு மர்சூக் நானாவிடம் போனேன். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இடத்தை அழித்துவிடச் சொன்னேன்.

“என்ன மிஸ் சொல்றீங்க? சனம் சிரிச்சுக் கை தட்டுற எடம் அதுதானே.”

“நானா, அவரைக் கொண்டுபோனா நான் எங்க போய்த் தேடுறது?”

அவர் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு மூலக் கசெட்டை டெக்கில் போட்டார். எங்கள் பேர் வருகிற இடத்தின் மேல் வெறும் பதிவை ஓடவிட்டு அழித்தார். நாற்பது செக்கன்தான். சாம்பல் நிறத்தில் கோடு கோடாக ஓடியது, அதற்குப் பிறகு நேரே பாட்டு.

“வெளிய போன பத்துக் கொப்பியும் யார் யார்ட்ட ஈக்கி எண்டு எனக்குத் தெரியும். பழுது எண்டு சொல்லி எடுக்கிறன். அல்லாஹ் பாத்துக்குவான், நீங்க அழாதீங்க மிஸ்.”

அழுதது எனக்கே தெரியவில்லை.

மே 25

ஹட்டனுக்குப் போன கொப்பியும் வந்துவிட்டது. அதுதான் கடைசி. பத்தையும் அழித்தாயிற்று. இவரிடம் சொன்னேன். “ம்” என்றார். பிறகு, “அவன் எப்பிடிச் சிரிச்சவன்” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உமக்காகத்தானே செய்தனான்! அவனுக்காக அழ வேறு ஆக்கள் இருக்கினம், உமக்காக அழ நான் ஒருத்திதான்.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஜூலை 2

சோதிலிங்கம் உயிரோடு இல்லை. ஊரில் இருந்து வந்த கடிதத்தில் சுற்றிவளைத்து எழுதியிருந்தார்கள். கீழே கேட்குமென்று குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 9

சோதிலிங்கத்தின் தாய் லீலாதேவி வந்திருக்கிறார். மாத்தளையில் தங்கை வீட்டுக்கு வந்து, அங்கிருந்து விலாசம் விசாரித்து வந்தாராம். படியில் அவரைக் கண்டதும் முதலில் நான் பார்த்தது அவருடைய முகத்தை அல்ல, நோனாவின் வாசலை. நான் இப்படிப்பட்ட ஆளாகிவிட்டேன்.

தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

“பிள்ளை, ‘அக்கா என்ர பேரையும் எழுதிக் குடுத்தவா, பாட்டுக்காரர் எழும்பி நிக்கச் சொன்னவர்’ எண்டு அவன் அப்ப எனக்குக் கடிதம் எழுதினவன். அது படமா வந்திருக்காம். வீட்டில அவன்ர படம் ஒண்டும் இல்லை. ஆமி வருமெண்ட பயத்தில நானே அடுப்பில போட்டனான். ஒருக்காப் பாத்திட்டுப் போறனே.”

இவர் எழும்பிப் போய் டெக்கையும் ரீவியையும் அந்தக் கசெட்டையும் ஓட்டோவில் கொண்டுவந்தார். அழித்ததைப் போக முன்னம் இவர் சொல்லியிருக்கலாம், நானும் சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்கும் துணிவில்லை. நாலு பாட்டும் அந்த அம்மா ரீவிக்குக் கிட்டக் கிட்டக் கதிரையை இழுத்துக்கொண்டே கேட்டார். பிறகு அந்த நாற்பது செக்கன் வந்தது. சாம்பல் நிறம், கோடுகள். கண்ணிமைக்காமல் பார்த்தார். பாட்டுத் தொடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

“நீயுமோ பிள்ளை?”

கோபமாகக் கேட்கவில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நாடாவைப் பின்னால் ஓட்டினேன். கீழே கேட்குமென்று யன்னலைச் சாத்த இவர் எழும்பினார். வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. சாம்பல் நிறம் வந்ததும் நான் துண்டில் எழுதியதைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன். கட்டுக்கலையிலிருந்து விவேகானந்தன். கமலாசனி.

கீழே நோனா றேடியோவைக் குறைத்தது கேட்டது.

மூன்றாவது பேரையும் சொன்னேன்.