கண்ணாடியில் தொங்கிய முந்நூற்று எழுபத்தைந்து கிராம்

ஜூலை 5, வெள்ளி

காரில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓட்டுகிற இடத்தில் எங்கள் டிரைவர் டிக்சன், பக்கத்தில் ஷெர்லின் அப்பா, பின் சீட்டில் நானும் மகள் ஷெர்லினும். வெளியே தெக்லா அத்தை, கருப்பட்டி விற்கிற பெண், உவரியிலிருந்து வந்திருந்த ஒரு கணவன் மனைவி. வேறு யாரும் இல்லை. நாளைக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதனால் எழுதி வைக்கிறேன்.

முதல் வெள்ளி. மணப்பாட்டில் மேட்டுக் கோயிலில் பூசை முடிந்து கீழே மணலுக்கு இறங்கி வந்தோம். அத்தை கருப்பட்டி வாங்கப் போனார்கள். அவர்கள் வருவதற்குள் வண்டியைத் திருப்பி நிறுத்துகிறேன் என்று டிக்சன் பின்னால் எடுத்தான். பின்சக்கரம் ஏதோ கல்லில் ஏறி இறங்கியது. அடுத்து அந்தச் சத்தம். பிறகு அத்தையின் குரல்.

"நடுக் கண்ணாடி இறங்கிட்டு அண்ணாச்சி, பின்னாடி தெரியல, சத்தியமா சொல்லுதேன்" என்றான் டிக்சன்.

"ஆளு கீழ கெடக்கு, கண்ணாடிங்கான் பாரு! சாவியக் குடுலே" என்று ஷெர்லின் அப்பா கையை நீட்டினார்கள். அத்தனை பேர் முன்னால். கொடுத்தான்.

அத்தையைப் பின் சீட்டில் படுக்கவைத்துத் தூத்துக்குடிக்கு விரட்டினோம். டிக்சன் மணலிலேயே நின்றான். அவன் எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 6, சனி

இடுப்பெலும்பு முறிவு. திங்கட்கிழமை ஆபரேஷன். அத்தைக்கு வயது அறுபத்தாறு, சர்க்கரை உண்டு. மாதாவே, கைவிட்டுவிடாதேயும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்தவர் போனவர் எல்லாரிடமும் ஷெர்லின் அப்பா ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள். "பின்னாடி பாக்காம எடுத்தான். கேட்டா கண்ணாடி மேல பழி போடுதான்." நான் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 8, திங்கள்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஸ்தோத்திரம்.

சாயங்காலம் டிக்சன் மனைவி பெர்சி வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, படியிலேயே நின்றாள். "அவுகள வேலைக்கு எடுக்கச் சொல்லி வரலக்கா. ஸ்டாண்டுல ஒரு வண்டியும் குடுக்க மாட்டேங்காவ. அண்ணாச்சி சொல்லி வச்சிருக்காகளாம். அத மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். இரவு ஷெர்லின் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது ரசம் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

ஜூலை 10, புதன்

அத்தை தன் ஜெபமாலையைக் கேட்டார்கள். கார்க் கண்ணாடியில் நான் தொங்கவிட்ட மாலைகளில் அவர்கள் கொடுத்த ஒன்று. எடுக்கப் போனேன். மாலைகளைப் பிடித்து லேசாக இழுத்ததும் கண்ணாடி தலையைக் குனிந்தது. மேலே தள்ளினேன். கையை எடுத்ததும் மெதுவாக இறங்கிப் பின் சீட்டைக் காட்டியது. மறுபடி தள்ளினேன். மறுபடி இறங்கியது.

எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்து சமையலறைத் தராசில் வைத்தேன். எதையும் நிறுத்துப் பார்க்காமல் எனக்கு மனம் நிற்காது. வேளாங்கண்ணி மரமாலை 34 கிராம். அத்தை தந்த கண்ணாடிமணி மாலை இரண்டும் சேர்த்து 151. ஷெர்லின் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு வந்த முத்துமாலை 72. பித்தளைச் சிலுவை 118. மொத்தம் 375. மளிகைக்கடையில் இந்த எடைக்குத் துவரம்பருப்பு கேட்டால் ஒரு பை நிறையத் தருவார்கள்.

இப்போது நினைவு வருகிறது — இல்லை, மறக்கவே இல்லை, ஏன் பொய் எழுத வேண்டும்? தவக்காலத்தில் டிக்சன் கேட்டான். "அக்கா, மாலையக் கொஞ்சம் கொறச்சா கண்ணாடி நிக்கும். பள்ளத்துல விழுந்தா எறங்குது."

நான் என்ன சொன்னேன்? "ஆண்டவருக்கு எடமில்லாத வண்டி நமக்கு எதுக்குடே?" ஷெர்லின் சிரித்தாள். அவனும் சிரித்தான். அதன் பிறகு அவன் கேட்கவே இல்லை. ஈஸ்டர் முடிந்ததும் நான் பித்தளைச் சிலுவையையும் மாட்டினேன்.

ஜூலை 11, வியாழன்

எல்லாரும் போன பிறகு கண்ணாடியைக் கழற்றினேன். தையல் மெஷின் பெட்டியில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் போதுமானதாக இருந்தது. கூரையோடு சேர்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி, உள்ளே மூன்று ஸ்க்ரூ. கழற்றிய வரிசைப்படி ஒரு தட்டில் அடுக்கினேன். போனில் இரண்டு வீடியோ பார்த்தேன், ஒன்று மலையாளம். ஆனாலும் கை காட்டியது புரிந்தது.

கூட்டை மொட்டை மாடி வெயிலில் கால் மணி நேரம் வைத்து, பழைய பிளாஸ்டிக் ஸ்கேலால் ஓரத்தை நெம்பினேன். கண்ணாடி முழுசாக வந்தது. உள்ளே ஒரு குண்டு, அது உட்காரக் கிண்ணம் மாதிரி ஒரு குழி, பின்னால் ஒரு ஸ்பிரிங். அந்தக் கிண்ணத்தில் கீழ்ப்பக்கம் விரிசல். விரிசலின் ஓரம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. நேற்றோ வெள்ளிக்கிழமையோ விழுந்த விரிசல் இல்லை அது. நாள்பட்டது.

அவன் திரும்பிப் பார்த்திருக்கலாம். பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் கண்ணாடி இறங்கியது என்று அவன் சொன்னது பொய்யில்லை.

ஜூலை 12, வெள்ளி

ஷெர்லின் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பூசைக்கு ஆட்டோவில் போனோம். ஏன் கார் எடுக்கவில்லை என்று ஷெர்லின் கேட்டாள். கண்ணாடி இல்லை என்றேன். "எங்க போச்சு?" என்று அவள் அப்பா திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கழற்றியதைத் தட்டோடு கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்தேன். விரிசலை விரலால் தொட்டுக் காட்டினேன். எடையைச் சொன்னேன். தவக்காலத்தில் அவன் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். கத்துவார்கள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டு வரும்போது நானும் ரெண்டு தடவ தள்ளுனேன்ளா" என்றார்கள்.

நான் கேட்டேன்: "அப்போ தெரியும்லா உங்களுக்கு?"

"அப்பக் கோவம். பொறவு நாலு பேர்ட்ட சொல்லியாச்சு. எப்பிடி மாத்திச் சொல்ல? கப்பலுக்குச் சாமான் குடுக்கவன் நான். என் வாக்க நம்பித்தான் ஹார்பர்ல சரக்கு எடுக்கான்."

அப்போ டிக்சன் வாக்கு? என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. என் யோக்கியதைக்கு அந்தக் கேள்வி பொருந்தாது.

ஜூலை 15, திங்கள்

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன், எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். சாமியார் நீளமாக ஒன்றும் பேசவில்லை. "அந்த ஆளுகிட்ட சொல்லியாச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை சாமி என்றேன். "அப்போ முதல்ல அங்க போங்க."

ஜூலை 16, செவ்வாய்

சும்மா உட்கார முடியவில்லை. கண்ணாடியைச் சரிபண்ணினேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை மகாராஜன் அண்ணாச்சி, "புதுசு வர பதினஞ்சு நாளாவும் தாயி. பழைய மாடல்லா? மெக்கானிக்க அனுப்பட்டா?" என்றார். நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். "அப்பம் கடையையும் நீங்களே பாத்துக்கிடுங்க, நான் பென்ஷன் வாங்கிட்டுப் போறேன்" என்று சிரித்துவிட்டு, தேடித் துழாவி ஓர் உடைந்த கண்ணாடியின் பின்கூட்டைக் கொடுத்தார். அதன் கிண்ணம் நன்றாக இருந்தது.

அதைப் பொருத்தினேன். குண்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி வைத்தேன். முதல் வளையம் தடிமனாகப் போய்க் கண்ணாடி திரும்பவே மறுத்தது. இரண்டாவதை உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்கினேன். இப்போது கையால் திருப்பினால் திரும்புகிறது, விட்டால் நிற்கிறது. தையல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஷெர்லின் அப்பாவை ஓட்டச் சொல்லி மில்லர்புரம் ரோட்டில் ஐந்து வேகத்தடையிலும் ஏற்றி இறக்கினோம். கோடு அசையவில்லை.

கண்ணாடியில் ஒன்றும் தொங்கவில்லை. அவர்கள் அதைப் பார்த்தார்கள்.

ஜூலை 17, புதன்

அத்தையிடம் சொல்லிவிட்டேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னேன்.

"ஏளா ஹில்டா, அதுல ரெண்டு மாலை நான் குடுத்ததுதான?" என்றார்கள். ஆமா அத்தை என்றேன்.

"எத்தன கிராம்?"

"நூத்தம்பத்தொண்ணு."

"பாதி கூட இல்லயே" என்று சிரிக்கப் பார்த்தார்கள், வலி வந்து முகம் சுருங்கியது. அப்புறம் என் கையைப் பிடித்தார்கள். "எனக்கு வலிக்கி. ஆனா அந்தப் பயல மணல்ல விட்டுட்டு வந்தியளே, அதுதான் தூங்கவிட மாட்டேங்கு. கார் கதவு சாத்தும்போது பாத்தேன். ஒத்தையில நின்னான்."

ஜூலை 19, வெள்ளி

பஸ்ஸில் தருவைகுளம் போனேன். டிக்சன் வீட்டில் இல்லை. மச்சினன் போட்டில் கூலிக்குப் போகிறானாம். கடல் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது, ஏறினாலே வாந்தி என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறான். அதனால்தான் டிரைவிங் படித்தான்.

பெர்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விரிசல் விழுந்த கிண்ணத்தையும் காட்டினேன். அவள் அதைத் தொடவில்லை.

"இங்கன வந்து எங்கிட்டச் சொல்லுதிய, சரிக்கா. அவுகளத் திட்டுனது இங்கனயா? ஊருக்கு முன்னாடிலா திட்டுனிய. அங்கன சொல்லுவியளா?"

தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டம், ஆன்டனி சார் வீட்டில். பதினெட்டுக் குடும்பம். அதில் மூன்று பேர் சொந்தமாக வாடகை வண்டி வைத்திருப்பவர்கள். டிக்சனுக்கு வண்டி தராதவர்கள் அந்த மூன்று பேர்தான்.

பைபிள் வாசகம் முடிந்து, பகிர்வு நேரம் வந்ததும் எழுந்தேன். பத்து வருஷமாகப் பகிர்வில் நான் மற்றவர்களுக்குத்தான் புத்தி சொல்லியிருக்கிறேன். தாளில் எழுதி வைத்திருந்ததைப் பார்க்காமலே சொன்னேன். மாலை மாட்டியது நான். குறைக்கச் சொன்னவன் டிக்சன். கேலி பண்ணி அவன் வாயை அடைத்தது நான். கண்ணாடி இறங்கியது என்று அவன் சொன்னபோது, இறங்கும் என்று தெரிந்தும் சும்மா இருந்தது நான்.

யாரோ, "செபமாலையப் போயி குத்தம் சொல்லலாமாம்மா?" என்றார்கள்.

"மாலைய நான் குத்தம் சொல்லல. மாட்டுன என்னையச் சொல்லுதேன்" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது ஷெர்லின் அப்பா எழுந்தார்கள். எழுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. "சாவியப் புடுங்குனது நான். வண்டி குடுக்காதீயன்னு சொன்னதும் நான். கண்ணாடி எறங்குனத நானே பாத்தேன்" என்றார்கள். அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "எழுத்து எனக்கு வராது, அவனுக்கு நீ எழுது" என்றார்கள்.

ஜூலை 22, திங்கள்

இன்று பெர்சியிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தின் நகல்:

தம்பி டிக்சனுக்கு,

நேற்று அன்பியத்தில் நானும் அண்ணாச்சியும் எழுந்து நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டோம். வாடகை வண்டி வைத்திருக்கிற மூன்று பேரும் அங்கே இருந்தார்கள். இரண்டு பேர் உனக்கு வண்டி தருவதாகச் சொன்னார்கள். அவர்களிடம் போவதானால் தாராளமாகப் போகலாம். எங்களுக்குக் கட்டுப்பட்டவன் இல்லை நீ.

நீ தவக்காலத்தில் கேட்டாய். நான் கேட்கவில்லை. உன்னை மணலில் தனியே விட்டு வந்தோம். இந்த இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன். அண்ணாச்சி நேரில் வந்து கேட்பார்கள். எப்போது வரலாம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அத்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆம்புலன்ஸ் வைக்கிறோம் என்றோம். வேண்டாம், டிக்சன் ஓட்டினால் நம் காரிலேயே வருகிறேன் என்கிறார்கள். இதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

வர மனம் இல்லையென்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறோம். வருவாயா, மாட்டாயா என்று மட்டும் புதன் சாயங்காலத்துக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

ஹில்டா அக்கா