கூடையில் இருந்த நான்கு வாத்துகள்

ஏனாத்தூர்,
செவ்வாய்க்கிழமை இரவு.

அன்புள்ள கிரேஸ் அக்காவுக்கு,

தங்கை சிம்ரன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே அனைவரும் சுகம் என்றுதான் முதலில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் நர்சிங் பரீட்சை முடிந்ததா? அம்மாவுக்கு இந்த வாரம் கம்பெனியில் நைட் ஷிப்ட். அப்பா தூங்குகிறார். நான் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ ஹாஸ்டலிலிருந்து போன் செய்யும்போது அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் கடிதம்.

அப்பாவோடு ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த லோகேஸ்வரன் மாமா இப்போது வாத்து வியாபாரம் செய்கிறார். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வருகிறவர்களிடம் வாங்குவதாகச் சொல்கிறார். செவ்வாய்க்கிழமை இரவு நம் வீட்டுப் பின்பக்கம் கூடையை வைத்துவிட்டுப் போவார். விடிவதற்குள் அப்பா அதை ஆட்டோவில் ஏற்றிப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மெஸ்ஸில் இறக்கிவிட்டு வருவார்.

நான் பள்ளியில் பறவை கிளப்பில் சேர்ந்திருக்கிறேன். கமலாட்சி டீச்சர் எங்களை ஏரிக்கு அழைத்துப் போய் எண்ணச் சொல்வார். பொங்கலுக்கு முன் நாங்கள் முப்பத்தேழு புள்ளிமூக்கு வாத்துகளை எண்ணினோம். அதை வீட்டில் சொன்னபோது மாமாவும் இருந்தார். "இன்னா பாப்பா, டீச்சர் கணக்கா நோட்டெல்லாம் வச்சிக்கினு கீற! எந்த மூலைல ஜாஸ்தியா குந்துது, காட்டு பாக்கலாம்" என்று சிரித்தார். நான் பெருமையாக, கருவேல மரங்கள் தண்ணீரில் நிற்கும் மூலையைப் படம் போட்டிருந்த பக்கத்தைக் காட்டினேன். போன ஞாயிறு எண்ணியபோது பதினொன்றுதான் இருந்தன. வேறு ஏரிக்குப் போயிருக்கும் என்றார் டீச்சர்.

நேற்று வனத்துறையிலிருந்து ஒருவர் பள்ளிக்கு வந்து பேசினார். புள்ளிமூக்கு மாதிரி ஏரியில் இருக்கிற காட்டு வாத்தைப் பிடித்தால் ஜெயிலாம். ஏற்றிப் போகும் வண்டியையும் எடுத்துக்கொள்வார்களாம். அக்கா, எனக்கு உடனே நம் அப்பாவின் ஆட்டோதான் ஞாபகம் வந்தது.

இன்று கூடை வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கால் கட்டிய நிலையில் நான்கு வாத்துகள் இருந்தன. வயலில் மேய்கிற வாத்திலும் பழுப்பு நிறம் உண்டு, அதுதான் குழப்பம். அதன் அலகு முழுவதும் ஏறக்குறைய ஒரே நிறமாக இருக்கும். புள்ளிமூக்கு வாத்துக்கு அலகு கறுப்பு, நுனி மட்டும் மஞ்சள், நெற்றியோரம் இரண்டு சிவப்புப் புள்ளி. மேலே இருந்த ஒன்று சந்தேகமில்லாமல் வயல் வாத்து. அடியில் இருந்த மூன்றுக்கும் நுனி மஞ்சளாகவும் நெற்றியோரம் சிவப்பாகவும் தெரிந்தது. ஆனால் ஒன்றில் சிவப்பைத் தொட்டபோது விரலில் ஒட்டியது. அது ரத்தம். அப்படியானால் மற்ற இரண்டிலும் ரத்தமா, புள்ளியா? இறக்கையை விரித்துப் பார்த்தேன். புள்ளிமூக்குக்குப் பச்சைப் பட்டை இருக்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் ஒருசமயம் பச்சை, ஒருசமயம் நீலம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு என்ன நினைத்தேனோ, காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்து கயிற்றையெல்லாம் அறுத்துவிட்டேன். இரண்டு நேராக மேலே எழும்பி ஏரிப் பக்கம் பறந்துவிட்டன. வயல் வாத்து நடந்துபோய்த் தண்ணீர்க் குடத்தடியில் உட்கார்ந்துகொண்டது. ரத்தம் இருந்தது மட்டும் கூடையிலேயே இருக்கிறது. அதற்குப் பறக்கத் தெரியாதா, முடியவில்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்கு என்ன மருந்து போடுவது? நீ பக்கத்தில் இருந்தால் கேட்டிருப்பேன்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பா எழுந்துவிடுவார். அடிப்பாரோ என்றுகூட பயமில்லை. போன வாரம் அவரிடம், இது ஏரி வாத்தா அப்பா என்று கேட்டேன். "வாத்துன்னா வாத்துதாம்மா. போய்ப் படி" என்றார். அப்பா கூடைக்குள் பார்த்து நான் பார்த்ததில்லை. ஆனால் கூடைமேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடுகிறார். வெயிலே இல்லாத நேரத்தில் எதற்கு ஈரச் சாக்கு? மெயின் ரோட்டில் போகாமல் உள்பக்கமாகப் போகிறார். ஆட்டோவுக்கு இன்சூரன்ஸ் முடிந்ததிலிருந்து எப்போதுமே அப்படித்தான் போகிறார், அதுவும் உண்மை. யோசிக்க யோசிக்க மனசு ஒரு பக்கமும் நிற்க மாட்டேன் என்கிறது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது இங்கே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். நான் செய்தது தப்பா என்று நீ எழுத வேண்டாம். எனக்காக ஒன்று மட்டும் செய். நான் இல்லாத நேரத்தில் அப்பாவுக்கு போன் செய்து, கூடையில் ஏரி வாத்தும் இருந்தது அவருக்குத் தெரியுமா என்று கேள். தெரியாது என்று சொன்னால் அன்றைக்கே எனக்குச் சொல்லிவிடு. தெரியும் என்று சொன்னால் எனக்குச் சொல்லாதே, அக்கா. எப்போதும் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்காகவும் அப்பாவுக்காகவும் ஜெபித்துவிட்டுப் படுக்கிறேன்.

உன் பிரியமுள்ள தங்கை,
சிம்ரன்