பெரட்டுச் சங்கு

ஒக்டோபர் 14, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. பண்டாரவளை ஹோட்டலில் கூட்டம். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணினி வேலை எனக்கு, அதனால் என்னை அனுப்பினார்கள். தலைப்பு: உலகச் சந்தை, காலநிலை, தொழில்நுட்பம், எல்லாம் பின்னிக்கிடக்கும் ஒரே அமைப்பு.

பேச வந்த கொழும்புக்காரர் பலகை முழுக்க வட்டமும் அம்பும் போட்டார். எங்கோ சண்டை, இங்கே உரம் இல்லை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஆடும், திரும்பி வந்து நம்மையே இடிக்கும். நன்றாகத்தான் சொன்னார்.

பிறகு எங்கள் தோட்டம் உதாரணம். வெற்றியாம்! காலையில் எல்லாரையும் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டை நிறுத்திவிட்டு, போனில் அனுப்புகிறோம். நேரம் மிச்சம். கைதட்டல்.

பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன். "மழைத்தண்ணி ஓடுற எந்தக் கான் அடைச்சிருக்கு, எங்க தண்ணி தேங்குதுன்னு சனம் சொல்றது பெரட்டுலதாங்க. அதுக்கு அம்பு எங்க?"

"நல்ல கேள்வி. டீக்குப் பிறகு பேசுவோம்."

பேசவில்லை. வடை மட்டும் நன்றாக இருந்தது.

15, புதன்
மழை விடவில்லை. நமுனுகுல மலையே தெரியவில்லை. வாங்க: சவர்க்காரம், நெருப்புப் பெட்டி, அக்காவுக்குப் பனடோல்.

அக்கா வீடு கீழ் லயத்து வரிசை வீடுகளில். பின்சுவர் ஊறிக்கிடக்கிறது. மேலே கான் அடைத்து, தண்ணீர் லயத்துப் பக்கம் திரும்பிவிட்டது.

"ஏக்கா, யார்கிட்டயும் சொல்லலியா?"

"யாருகிட்ட சொல்ல? போன்ல கொழுந்து கிலோ மட்டுந்தான் இருக்கு. அதுகிட்டயா?"

பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியுமாம். வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இருந்தாளாம். லயமே அப்படி இருந்திருக்கிறது.

தோட்டத்தை நடத்தும் தொரையிடம் போனேன். கம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினார், எல்லாம் பச்சை. கான் வெட்டுக்கு அதில் இடமே இல்லை, பிறகு எப்படிச் சிவக்கும்? "வெள்ளிக்கிழமை கூட்டத்துல எடுப்போம்" என்றார். மழை வெள்ளிக்கிழமை வரை பொறுக்குமா?

16, வியாழன்
காலை. சுவரில் வெடிப்பு. என் கை உள்ளே போகிறது. அக்கா அடுப்பை நகர்த்திவைத்துச் சமைக்கிறாள்! கத்தினேன். "எங்கடி போகச் சொல்ற?" என்று அவளும் கத்தினாள்.

போனில் சிக்னல் இல்லை. பெக்டரிக்கு ஓடினேன். பெரட்டுக்கு ஆள் கூப்பிட ஊதும் பழைய சங்கு அங்கேயேதான்.

காவலுக்கு நின்ற வாச்சர்: "யாரு உத்தரவும்மா?"

"என் உத்தரவு."

ஊதினேன். மேல் லயம், கீழ் லயம், மொத்தச் சனமும் வந்தது. பெரட்டுக் களத்தில் பழைய வரிசையிலேயே நின்றார்கள். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது, அடைத்தது ஒரு கான் இல்லை, அந்த மலை முழுக்க. முதலில் கீழ் லயம் காலி என்று முடிவு. கிழவர்களையும் பிள்ளைகளையும் கோயிலுக்குத் தூக்கிப் போனார்கள். அக்கா வரமாட்டேன் என்றாள், இழுத்து வந்தேன்.

கடைசிச் சாக்கு மூட்டை கோயிலுக்கு வந்த கையோடு அவள் வீட்டுப் பின்சுவர் விழுந்தது. அடுப்பு மேலே. மண் வாசல் வரை. உள்ளே யாரும் இல்லை.

எல்லாரும் மறுபடி களத்துக்கு வந்து ஆள் எண்ணிக்கொண்டிருந்தோம். தொரை ஜீப்பில் வந்து இறங்கினார், முகம் சிவந்து.

"யாரு சங்கு ஊதச் சொன்னது?"

நான் வாய் திறக்குமுன் அக்கா:

"பெரட்டு நடக்குது. வரிசைல நில்லுங்க தொரை."