லீவு நாளில் வராத இருமல்

அன்புள்ள அப்பாவுக்கு, சத்யப்ரியா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா சுகமா?

போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்காது என்றுதான் எழுதுகிறேன், பயப்படாதீர்கள். பெயிண்ட் செக்‌ஷனில் சேர்ந்ததிலிருந்து எனக்கு இருமல், நெஞ்சில் இறுக்கம். சளி என்றே நினைத்திருந்தேன். இங்கே ஓசூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர், "லீவு நாள்ல எப்படி இருக்கு?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை இருமுவதே இல்லை!

மூச்சின் வேகத்தை அளக்கும் சின்னக் குழாய் ஒன்றைக் கொடுத்து, தினம் நாலு வேளை ஊதி எண்ணைக் குறிக்கச் சொன்னார். மூன்று வாரம் குறித்தேன். வேலை நாளில் முந்நூறைத் தாண்டவில்லை. ஆயுதபூஜை லீவில் நானூறு. "பெயிண்ட்தாம்மா உனக்கு ஒத்துக்கல. நல்லவேளை, சீக்கிரமே தெரிஞ்சிடுச்சு" என்றார்.

பெயிண்ட் வேலை வேண்டாம் என்று அவர் எழுதித் தந்த சீட்டை, வேலையே போய்விடுமோ என்ற பயத்தில் இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். அப்புறம் துணிந்து சூப்பர்வைசர் ஆனந்தராஜ் அண்ணனிடம் நீட்டினேன். "முன்னாடியே சொல்றதுக்கு என்னம்மா?" என்று கடிந்துகொண்டு, பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். இப்போது மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லை.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. என் பச்சை ஸ்வெட்டரைப் பார்சலில் அனுப்புங்கள். அதோடு உங்கள் கையால் நாலு வரி எழுதி வையுங்கள், என்ன எழுதினாலும் சரி. கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்
சத்யா