சாமி லட்டு

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

பாப்பாவுக்கு இன்றும் ஸ்கேன் எடுக்கவில்லை. வலிப்பு ஏன் வருகிறது என்று தலையை ஸ்கேன் எடுத்தால்தான் தெரியுமாம். ஊசியைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிபவள், மயக்கம் கொடுக்காமல் அந்த மெஷினுக்குள் படுக்கவே மாட்டாள். அலையாய் அலைந்து திருப்பதி ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டரிடம் இன்று நாள் வாங்கியிருந்தேன். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். பால்கூடக் கொடுக்காமல்தான் சித்தூரிலிருந்து கிளம்பினோம்.

வழியில் காணிப்பாக்கம் கோயிலில் இறங்கிக் கும்பிட்டோம். நான்தான் பெரிய பக்திமான் ஆயிற்றே, பிரசாத லட்டைப் பிட்டு அவள் வாயில் போட்டேன்.

காலையில் என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டதும் பாப்பா, "லட்டு" என்றாள்.

"அது பிரசாதம் சார், துன்றதுல சேராது," என்றேன்.

"தேவுடு லட்டானாலும் வயித்துலதானேய்யா இருக்கும்? மயக்கத்துல வாந்தி வந்தா மூச்சு அடைச்சுக்கும்," என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார். அதற்குள் மறுபடியும் வலிப்பு வந்தால்?

பஸ்ஸில் என் மனைவி, "உனுக்கு சாமியும் தெரியல, சயின்சும் தெரியல," என்றாள். எட்டாவது ஃபெயிலானவனிடம் இரண்டையும் எதிர்பார்த்தது அவள் தப்பு.

பாப்பா மட்டும் குஷியாக வந்தாள். "நைனா, ஊசி போடக்கூடாதுன்னு வேண்டிக்கினேன். சாமி கேட்டுக்கிச்சு பாரு!"

நானும் அவள் பக்கத்தில் நின்றுதான் வேண்டினேன், ஸ்கேன் நல்லபடியாக முடியவேண்டும் என்று.

மீதி லட்டு பையிலேயே இருக்கிறது. தின்னவும் மனசு வரவில்லை, எறியவும் பயமாக இருக்கிறது.